மாடங்கள் உயர்ந்தன, மாநகரம் எங்கே? குருகிராம் உணர்த்தும் பாடம்

புதுடில்லி சர்வதேச விமான நிலையத்திலிருந்து தென்மேற்குத் திசையில் வாகனத்தில் புறப்படும் ஒருவர், வீதியில் நெரிசல் இல்லாவிடின், அரைமணி நேரத்துக்குள் ஹரியாணா மாநிலத்தினுள் நுழைந்து விடுகின்றார். அங்கு அவரை வரவேற்பது கண்ணாடிச் சுவர்களாலான வானளாவிய கட்டடங்களும் உலகின் முன்னணிக் கம்பனிகளின் பெயர்ப் பலகைகளுமே ஆகும். மகாபாரதத்துத் துரோணாசாரியாருக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர் என ஐதீகம் கூறும் இந்நகரம், குர்காவோன் என்ற பெயரால் நெடுங்காலம் அறியப்பட்டு, 2016ஆம் ஆண்டில் குருகிராம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

பணி நிமித்தம் 2015ஆம் ஆண்டு முதல் நான்காண்டுகள் இந்நகரில் வாழும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. இந்தியாவின் எதிர்காலத்தைக் காண விரும்புவோர் குருகிராமைப் பார்க்க வேண்டும் என்று வெளிநாட்டு ஊழியர்கள் தமக்குள் கூறிக்கொள்வது வழக்கம். ஆரம்பத்தில் நாமும் அவ்வாறே எண்ணினோம். அவ்வெண்ணம் ஏன் மாறியது என்பதையும், இலங்கையிலுள்ள எமக்கு அந்நகரின் கதை ஏன் முக்கியமானது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குருகிராமின் வளர்ச்சி தற்செயலானதன்று. 1957ஆம் ஆண்டில் டில்லி அபிவிருத்தி அதிகாரசபை அமைக்கப்பட்டதும் தலைநகரில் காணிகளை வாங்கி வீடமைப்புத் திட்டங்களை மேற்கொண்டு வந்த தனியார் நிறுவனங்களுக்கு இடமில்லாது போயிற்று. அத்தகைய நிறுவனங்களுள் ஒன்றான டி.எல்.எப்., எல்லைக்கு அப்பாலிருந்த ஹரியாணாவை நோக்கித் திரும்பியது. 1966இல் உருவான அம்மாநிலம், 1975ஆம் ஆண்டில் நிறைவேற்றிய சட்டமொன்றின் மூலம் தனியார் கம்பனிகள் அனுமதிப்பத்திரம் பெற்றுக் குடியிருப்புகளை அமைக்க வழிவகுத்தது. அந்நிறுவனத்தின் தலைவராக விளங்கிய கே.பி. சிங், விவசாயக் குடும்பங்களிடமிருந்து துண்டு துண்டாகப் பல்லாயிரம் ஏக்கர் காணியைக் கொள்வனவு செய்தார். மழையை நம்பிய பயிர்ச்செய்கையில் பெரும் வருமானம் காணாத விவசாயிகளுக்கு அவ்விலை கவர்ச்சியாகவே தோன்றியது.

இதே காலப்பகுதியில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1981ஆம் ஆண்டில் மாருதி உத்யோக் நிறுவனம் அமைக்கப்பட்டது. ஜப்பானின் சுசுகி நிறுவனத்தோடு இணைந்து குர்காவோனில் அது தயாரித்த முதலாவது கார் 1983 டிசம்பரில் வீதிக்கு வந்தது. கார்த் தொழிற்சாலையைப் பின்தொடர்ந்து உதிரிப்பாகத் தொழிற்சாலைகள் வந்தன. ஜப்பானிய அதிகாரிகளும் அவர்தம் குடும்பங்களும் வந்தனர். 1991ஆம் ஆண்டின் பொருளாதாரத் தாராளமயமாக்கலுக்குப் பின்னர் 1997இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் குழுமம் தனது வாடிக்கையாளர் சேவை நிலையத்தை இங்கு நிறுவியபோது, அமெரிக்கப் பகலுக்காக இந்திய இரவில் விழித்திருக்கும் புதியதொரு தொழிலாளர் வர்க்கம் உருவாகியது. 2001ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 1.75 இலட்சமாகவிருந்த நகர சனத்தொகை, எல்லை விரிவாக்கமும் சேர, 2011இல் 8.76 இலட்சத்தைத் தாண்டியது. பத்தாண்டுகளில் ஐந்து மடங்கு வளர்ச்சி என்பது எந்த நாட்டிலும் அரிதான ஒன்றேயாகும்.

ஆனால் இவ்வளர்ச்சியின் வரலாற்றில் ஒரு விநோதம் உண்டு. பழைய நகருக்கு ஒரு சிறிய நகரசபை இருந்தது. புதிய குடியிருப்புகளும் அலுவலகக் கட்டடங்களும் எழுந்த நிலமோ பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே கிடந்தது. குருகிராமுக்கு ஒரு மாநகர சபை அமைக்கப்பட்டது 2008ஆம் ஆண்டிலேயே ஆகும். அச்சபைக்கான முதலாவது தேர்தல் 2011இல் நடைபெற்றது. அதாவது, உலகக் கம்பனிகள் வந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே அந்நகர மக்கள் தமது நகரை நிர்வகிப்போரைத் தெரிவு செய்தனர். முதலில் கட்டடம், பின்னர் வீதி, அதன் பின்னர் வடிகால், இறுதியாகவே மக்களாட்சி என்ற தலைகீழ் ஒழுங்கில் எழுந்த நகரம் அது.

பொது நிறுவனங்கள் இல்லாத இடத்தில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர்? ஒவ்வொரு தொடர்மாடியும் தனக்கென ஒரு சிற்றரசாக மாறியது. மின்சாரம் தடைப்பட்டால் டீசலில் இயங்கும் மின்பிறப்பாக்கி. குழாய் நீர் போதாவிடின் ஆழ்துளைக் கிணறு. அதுவும் வற்றினால் பவுசர். பொலிஸாருக்குப் பதில் தனியார் காவலாளிகள். நாம் வசித்த தொடர்மாடியில் மின்சாரம் நின்றதை நாம் உணர்ந்ததே அபூர்வம். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மின்பிறப்பாக்கி இயங்கிவிடும். மதிலுக்கு அப்பாலிருந்த கிராமம் இருளில் மூழ்கியிருப்பதைப் பதினோராம் மாடியிலிருந்து பார்த்த பின்னரே மின்சாரம் இல்லை என்பதை அறிவோம்.

வெளிநாட்டு ஊழியரின் பார்வையிலுள்ள குறைபாடு இதுவேயாகும். அவர் நகரத்தைப் பார்ப்பது வாயிற்கதவின் உட்புறத்திலிருந்து. உள்ளே யாவும் ஒழுங்காக இயங்குவதால் நகரமே ஒழுங்காக இயங்குவதாக அவர் கருதிவிடுகின்றார். நாமும் முதலாண்டு முழுவதும் அவ்வாறே கருதினோம்.

அக்கருத்தைக் கலைத்தது மழையே ஆகும். 2016 ஜூலை 28ஆந் திகதி மாலை பெய்த கனமழையில் டில்லி - ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையின் ஹீரோ ஹொண்டா சந்தியில் வெள்ளம் தேங்கியது. பாட்ஷாபூர் வடிகால் நீரை ஏற்க மறுத்தது. பல்லாயிரக்கணக்கானோர் மறுநாள் காலைவரை வாகனங்களில் சிறைப்பட்டனர். மக்கள் கூடுவதைத் தவிர்க்க 144ஆம் பிரிவின் கீழ்த் தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. அன்றிரவு எமது வாகனமும் அவ்வரிசையிலேயே நின்றது. எமக்கு முன்னே உலகிலேயே விலையுயர்ந்த கார்களிற் சில நின்றன. அவற்றின் உரிமையாளர்களும் எம்மைப்போல் பாதணிகளைக் கையிலேந்தி முழங்கால் அளவு நீரில் நடக்க நேர்ந்தது. மின்பிறப்பாக்கியைத் தனியாக வாங்கலாம். வடிகாலைத் தனியாக வாங்க முடியாது.

ஆரவல்லிக் குன்றுகளிலிருந்து இறங்கும் மழைநீரைத் தேக்கி வைத்த பழைய அணைக்கட்டுகளும் நீர்நிலைகளும் நீரோடைகளும் கட்டடங்களுக்கு அடியில் புதையுண்டமையே இதற்கான மூலகாரணம் என்பதை நகரத் திட்டமிடல் வல்லுநர்கள் நெடுங்காலமாகவே கூறி வந்துள்ளனர். மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் தாகமும் ஒரே தவறின் இரு முகங்களாகும். நிலத்தடி நீர் வேகமாகக் குறைந்ததால், கட்டட வேலைகளுக்கு அந்நீரைப் பயன்படுத்தலாகாது என பஞ்சாப் - ஹரியாணா உயர்நீதிமன்றம் 2012ஆம் ஆண்டில் உத்தரவிட வேண்டியேற்பட்டது. 2017ஆம் ஆண்டில் பெருநகர அபிவிருத்தி அதிகாரசபையொன்று சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்ட பின்னரும் நிலைமை முற்றாக மாறவில்லை. 2025 ஜூலையிலும் செப்டெம்பர் முதலாந் திகதியிலும் பெய்த மழையில் அதே நெடுஞ்சாலையில் கிலோமீற்றர் கணக்கில் வாகனங்கள் அணிவகுத்து நின்றன. அதற்குச் சில மாதங்கள் முன்னரே, 2024 டிசம்பரில், அந்நகரின் தொடர்மாடியொன்றின் உச்சித்தளம் 190 கோடி இந்திய ரூபாவுக்கு விற்பனையாகியிருந்தது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் தகும்.

தனியார் துறை எதையும் செய்யாது என்று நாம் வாதிட முனையவில்லை. இலட்சக்கணக்கான இளைஞருக்கும் யுவதிகளுக்கும் குருகிராம் தொழில் வழங்கியது. சிறு நகரங்களிலிருந்து வந்த பெண்கள் சொந்த உழைப்பில் தலைநிமிர்ந்து நின்றதை நாம் எமது அலுவலகத்திலேயே கண்டோம். ஆயினும் தனியார் முதலீடு பொதுச்சேவையின் முழுப் பாரத்தையும் தாங்குமா என்ற வினாவுக்கு அந்நகரே விடை கூறியுள்ளது. தனியார் முதலீட்டில் அமைக்கப்பட்டு 2013 நவம்பரில் சேவையைத் தொடங்கிய ரெபிட் மெட்ரோ ரயில் இதற்குத் தக்க சான்றாகும். அதனை நடத்திய ஐ.எல்.அன்ட்.எப்.எஸ். குழுமம் 2018இல் கடன்சுமையால் நிலைகுலைந்தது. 2019 ஒக்டோபரில் அரசுக்குச் சொந்தமான டில்லி மெட்ரோ நிறுவனமே அச்சேவையைப் பொறுப்பேற்றது. இலாபம் வரும்வரை தனியார். நட்டம் வந்தபின் அரசு. இந்த நியதி எமது நாட்டவருக்கும் புதியதன்று.

நீரையும் வீதியையும் விடப் பாரதூரமானது மனிதரைப் பற்றிய வினாவாகும். குருகிராமைக் கட்டியவர்கள் யார்? பீகார், உத்தரப்பிரதேசம், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களே. அவர்களுக்கென நகரத் திட்டத்தில் வீடுகள் வரையப்படவில்லை. கட்டடங்களுக்கிடையே சிக்குண்ட பழைய கிராமங்களின் ஒற்றையறைகளிலும், வெற்றுக் காணிகளில் தகரமும் பொலித்தீனும் கொண்டு அமைத்த குடிசைகளிலும் அவர்கள் தங்கினர். எமது தொடர்மாடியில் வீட்டுப் பணிப்பெண்களுக்கும் சாரதிகளுக்கும் தனி மின்தூக்கி இருந்தது. எமக்காகச் சமைத்த கையைக் கொண்ட ஒருவர் எம்முடன் ஒரே மின்தூக்கியில் ஏறக்கூடாது என்ற விதியை வகுத்தவர் யார் என நாம் கேட்டபோது, எவருக்கும் விடை தெரியவில்லை. விதி மட்டும் இருந்தது.

2012 ஜூலையில் மானேசரிலுள்ள மாருதி தொழிற்சாலையில் ஏற்பட்ட வன்முறையில் மனிதவள அதிகாரியொருவர் கொல்லப்பட்டார். அக்கொலை எவ்விதத்திலும் நியாயப்படுத்தக் கூடியதன்று. ஆனால் அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 148 பேரில் 117 பேரை 2017இல் நீதிமன்றம் விடுதலை செய்தபோது, அவர்களுள் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் கழித்துவிட்டிருந்தனர். 2020ஆம் ஆண்டில் கொரோனா முடக்கம் அறிவிக்கப்பட்டதும் இந்நகரின் தொழிலாளர்கள் கால்நடையாகவே ஊர் திரும்பினர். காயமுற்ற தந்தையைத் துவிச்சக்கரவண்டியின் பின்னால் அமர்த்தி, குருகிராமிலிருந்து பீகாரின் தர்பங்கா வரை ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் மிதித்துச் சென்ற சிறுமியின் படத்தை உலகமே வியந்து பார்த்தது. வியந்தவர்கள், அச்சிறுமி ஏன் செல்ல நேர்ந்தது என்று கேட்கவில்லை.

வழிபாட்டுக்கான இடத்தைப் பற்றியும் இங்கு கூறியாக வேண்டும். தனியார் கம்பனிகள் வரைந்த வரைபடங்களில் கடைத்தொகுதிகளுக்கும் கொல்ப் மைதானங்களுக்கும் இடமிருந்தது. உழைக்க வந்த இலட்சக்கணக்கானோரில் பெருந்தொகையான முஸ்லிம்களும் இருப்பர் என்பது வரைந்தோரின் நினைவுக்கு வரவில்லை போலும். பள்ளிவாசல்கள் போதாமையால் வெள்ளிக்கிழமைகளில் வெற்றுக் காணிகளிலும் பூங்காக்களிலும் ஜும்ஆத் தொழுகை நடத்தப்பட்டது. 2018ஆம் ஆண்டில் இந்துத்துவ அமைப்புகள் இதற்கு இடையூறு விளைவித்ததைத் தொடர்ந்து, நிர்வாகம் தொழுகைக்குரிய இடங்களை 37ஆகக் குறைத்தது. 2021இல் மீண்டும் எதிர்ப்புக் கிளம்பியபோது அத்தொகை மேலும் சுருங்கியது. திறந்தவெளியில் தொழுவதைச் சகிக்க முடியாது என்று அப்போதைய முதலமைச்சர் மனோகர்லால் கட்டார் அவ்வாண்டு டிசம்பரில் கூறினார்.

எம்முடன் பணிபுரிந்த அக்கரைப்பற்றைச் சேர்ந்த முஸ்லிம் நண்பர் ஒருவர் 2018இல் ஒவ்வொரு வியாழக்கிழமை மாலையும், மறுநாள் எங்கே தொழுவது எனத் தொலைபேசியில் விசாரித்துக் கொண்டிருப்பார். "ஊரில் பாங்கு சொல்லும் சத்தத்தில் கால் தானாகப் போகும். இங்கே வாரத்துக்கு ஒரு இடம் தேட வேண்டியிருக்கிறது" என்று அவர் கூறியதை நாம் மறக்கவில்லை. அதே நகரில்தான் 2021 நவம்பரில் சீக்கியர்கள் தமது குருத்துவாராவின் கதவைத் தொழுகைக்காகத் திறந்துவிட முன்வந்தனர் என்பதையும், இந்து வர்த்தகர் ஒருவர் தமது இடத்தை வழங்கினார் என்பதையும் நன்றியுடன் பதிவு செய்கின்றோம். ஆனால் நல்லோர் சிலரின் பெருந்தன்மை நகரத் திட்டத்துக்கு ஈடாகாது. 2023 ஜூலை 31ஆந் திகதி அயல் மாவட்டமான நூஹ்வில் கலவரம் வெடித்தது. அன்று நள்ளிரவு கழிந்த வேளையில் குருகிராம் 57ஆம் பிரிவிலுள்ள பள்ளிவாசல் தீக்கிரையாக்கப்பட்டு, பீகாரிலிருந்து வந்திருந்த இளம் துணை இமாம் கொல்லப்பட்டார். கண்ணாடி மாளிகைகள் சூழ நின்ற இடத்திலேயே அக்கொடுமை இடம்பெற்றது.

2025 ஜூலையில் நடந்தது இதன் தொடர்ச்சியாகும். சட்டவிரோதக் குடியேறிகளைக் கண்டறிதல் என்ற பெயரில் வங்காள மொழி பேசும் தொழிலாளர்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள், குருகிராமில் பிடித்துச் செல்லப்பட்டுச் சமூக நிலையங்களில் தடுத்து வைக்கப்பட்டனர். இந்தியப் பிரஜைகள் எனத் தம்மை நிரூபித்த பலர் விடுவிக்கப்பட்டனர். ஆயினும் அச்சத்தால் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இரவோடிரவாக நகரை விட்டு வெளியேறின. அதன் பின் நடந்ததே குறிப்பிடத்தக்கது. வசதி படைத்தோரின் தொடர்மாடிகளில் குப்பை அகற்றுவதற்கும் வீட்டு வேலைக்கும் ஆட்கள் இல்லாது போயினர். வாயிற்கதவின் உட்புறம் இயங்கியது வெளிப்புறத்திலிருந்தோரின் கைகளால் என்ற உண்மை, அக்கைகள் அகன்ற பின்னரே அங்குள்ளோருக்குப் புலப்பட்டது.

பேசும் மொழியைக் கொண்டு ஒருவரை அந்நியராகக் கருதும் வழக்கத்தை இலங்கைத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் தமது பூர்வீக மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 2007 ஜூன் 7ஆந் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கு, கிழக்குக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பின்னரே அது நின்றது. நகரம் எவருடையது என்ற வினாவுக்கு எமது இரு சமூகங்களும் தமது உடல்களாலேயே விடை தேடியுள்ளன. எனவே குருகிராமின் வங்காளித் தொழிலாளியின் கதையை அந்நிய நாட்டுச் செய்தியாக வாசித்துவிட்டு அப்பாற் செல்ல எம்மால் இயலாது.

மேலும் ஓர் ஒற்றுமை உண்டு. குருகிராம் மாநகர சபையின் பதவிக்காலம் 2022 இறுதியில் முடிவடைந்தது. அடுத்த தேர்தல் 2025 மார்ச்சிலேயே நடந்தது. எமது நாட்டின் உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்தது. ஒத்திவைக்கப்பட்டுக்கொண்டே வந்த தேர்தல் 2025 மே 6ஆந் திகதியே நடைபெற்றது. இடைப்பட்ட ஈராண்டுகளில் கொழும்பு மாநகரம் உட்பட நாட்டின் நகரங்கள் மக்கள் பிரதிநிதிகள் இன்றி அதிகாரிகளால் நிர்வகிக்கப்பட்டன. கொழும்பின் வானத்தை நோக்கித் தொடர்மாடிகள் எழுகின்றன. துறைமுக நகருக்கு 2021இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின் கீழ்த் தனியான ஆணைக்குழு அமைக்கப்பட்டுள்ளது. இவற்றை அபிவிருத்தி என்று வரவேற்போரிடம் நாம் எதிர்ப்பைக் காட்ட விரும்பவில்லை. ஆனால் சில வினாக்களை முன்வைக்கின்றோம். மழைநீர் வழிந்தோடும் சதுப்பு நிலங்கள் எங்கே? கட்டடத்தைக் கட்டும் தொழிலாளி எங்கே உறங்குவார்? அவர் எங்கே தொழுவார், எங்கே வணங்குவார்? தவறு நேர்ந்தால் மக்கள் எவரிடம் முறையிடுவர், எவரை வாக்கினால் அகற்றுவர்?

குருகிராம் இவ்வினாக்களைக் கட்டடம் எழுப்பிய பின்னரே கேட்டது. அதனால் அங்கு பணமிருந்தும் வடிகால் இல்லை. உழைப்பாளர் இருந்தும் அவருக்குரிய இடமில்லை. அந்நகரைவிட்டு நாம் புறப்பட்ட நாளன்று, எமது பெட்டிகளைக் கீழே கொண்டுவந்த பணியாளர் அவற்றைச் சுமந்தவாறு மற்றைய மின்தூக்கியில் சென்றார். நாம் அவருடன் ஏற முயன்றபோது அவரே பதறிப்போய், தமது வேலை போய்விடும் என்று எம்மைத் தடுத்தார். நான்காண்டுகளில் நாம் மாற்றியது எதுவுமில்லை என்ற வெட்கத்துடனேயே விமான நிலையத்துக்குப் புறப்பட்டோம்.

ஒரு நகரின் வளர்ச்சியை அதன் உயர்ந்த மாடியிலிருந்து அளவிடுதல் தவறாகும். அந்நகரைக் கட்டியவர் அச்சமின்றி அதில் உறங்க முடிகின்றதா என்பதே சரியான அளவுகோல். எமது நகரங்களைத் திட்டமிடுவோரும் அவற்றுக்காக வாக்களிப்போரும் அவ்வளவுகோலை இப்போதே கையிலெடுக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.